அரை வட்ட வாஷர் ஜாக்கிரதை!

'தாத்தாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஷெட்ல தூங்குது பாஸ். பேசாம மாருதி இன்ஜின் ஒண்ணைத் தூக்கி உள்ளே வெச்சுடலாமா?' மெக்கானிக்கல் பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. வேணாம் மச்சி. ப்ளீஸ்!

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. 1961-ல சென்னையில தயாரிப்பு ஆரம்பிச்சது. வண்டலூர் பக்கம் இருந்த அந்தக் கம்பெனி எண்பதுகளின் கடைசியிலேயே மூடியாச்சு. அறுபதுகள்ல ரெஜிஸ்டர் ஆன வண்டிக்கு இப்போ வயசு 50-ஐத் தாண்டியிருக்கும். 2021 ஜூலையில வந்த விதிப்படி, 50 வயசு தாண்டின காரை நம்பர் பிளேட்ல 'வி.ஏ.' எழுத்தோட விண்டேஜ் வண்டியா பதிவு பண்ணலாம். கட்டணம் 20,000 ரூபாய். தினம் காலேஜுக்கு ஓட்டக் கூடாது, ராலி, கண்காட்சின்னு போகலாம். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல மாற்றம் எதுவும் செஞ்சிருக்கக் கூடாது. ஆக, அந்தப் பழைய 948 சி.சி. பிளாக்தான் வண்டியோட ஜாதகம். அது போனா எல்லாம் போச்சு!

இதைக் கழட்ட பெரிய ஒர்க்‌ஷாப் தேவையில்லை. ஹெரால்டுல மட்கார்டும் பானெட்டும் ஒரே பீஸா முன்பக்கமா சாயும். பானெட்டையே மொத்தமா கழட்டி ஓரமா வெச்சுட்டா, இன்ஜினைச் சுத்தி நின்னு வேலை பார்க்கலாம். செயின் பிளாக்கை நல்ல இரும்பு கர்டர்ல மாட்டுங்க. ஓட்டு வீட்டு உத்தரத்துல மாட்டுற ஐடியா இருந்தா, அதை இப்பவே மறந்துடுங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். இன்ஜின் ஆஃப்ல இருக்கணும். ஒருத்தர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருத்தர் முன்னாடி கிராங்க் புல்லியைப் பார்க்கணும். கண்ணுக்குத் தெரியுற மாதிரி புல்லி முன்னும் பின்னும் நகர்ந்தா ஆபத்து. கிளட்ச் மிதிக்கிறப்போ எல்லாம் கிராங்க் ஷாஃப்ட்டை அது முன்னாடி தள்ளும். அதைத் தாங்குறது, பின்பக்க மெயின் பேரிங்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிற அரை வட்ட வாஷர்தான். தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒருநாள் அது கழண்டு ஆயில் சம்ப்ல விழுந்துடும். அப்புறம் கிராங்க், பிளாக்கையே அரைக்க ஆரம்பிச்சுடும். நாலு விரல் நீளம்கூட இல்லாத துண்டு, ஜாதகத்தையே கிழிச்சுடும்! புதுசு மாட்டும்போது பள்ளம் இருக்கிற முகம் கிராங்க்கைப் பார்த்து இருக்கணும். திருப்பி மாட்டினா ஆயில் போகாது, மறுபடி முதல்ல இருந்து.

பிரிச்சு, மண்ணெண்ணெய்ல கழுவி, பனியன் வேஸ்ட்டால துடைக்கிறது, வால்வ் லேப்பிங், பேக்கிங் மாத்துறது எல்லாம் வீட்டிலேயே நடக்கும். பேரிங் கேப், புஷ் ராடு எதையும் கலக்காதீங்க. எது எந்த சிலிண்டரோ அதுக்கே திரும்பப் போகணும். பழைய அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, புஷ் ராடுகளைச் சொருகி வெச்சா போதும். போர் போடுறது, கிராங்க் கிரைண்டிங் ரெண்டும் மட்டும் நல்ல லேத் காரர்கிட்ட. அங்கே 'நாமளே தேய்ச்சுக்கலாம்'னு சிக்கனம் பார்க்காதீங்க. பார்ட்ஸுக்கு புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் ஒரு சுத்து சுத்துங்க, கையில பழைய பார்ட்டோட.

திரும்ப ஏத்துறதுதான் பொறுமையைச் சோதிக்கும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள்ள நேரா நுழையணும். பழைய ஷாஃப்ட் ஒண்ணு கிடைச்சா, அதைச் சொருகி பிளேட்டை முதல்லயே சென்டர் பண்ணிடுங்க. பாதி நுழைஞ்ச நிலையில இன்ஜின் கனம் முழுக்க ஷாஃப்ட் மேல தொங்கினா பிளேட் வளைஞ்சுடும். செயினை விட்டுட்டு டீ குடிக்கப் போற வேலை வேணாம்!

எல்லாம் பூட்டியாச்சா? உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டிட்டு, ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுத்துங்க. அப்புறம் பிளக்கை மாட்டி, சாவியைத் தாத்தா கையில கொடுங்க. 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தணும், வால்வ் கேப்பை ஃபீலர் கேஜ் வெச்சு மறுபடி பார்க்கணும்.