அந்த அடி குழந்தைக்காக விழவில்லை

பிரசவ அறையில் அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் தாயையும் சேயையும் காப்பாற்றத்தான் என்ற நம்பிக்கை உலகெங்கும் வேரோடியிருக்கிறது. நைஜீரியாவின் அபுஜாவில் ஆய்வாளர்கள் பேட்டி கண்டபோது மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அதையே சொன்னார்கள்: அடித்தால்தான் முக்குவாள், அந்த அடி அக்கறை. பெண்களிலும் சிலர் அதை ஒப்புக்கொண்டார்கள். நம் ஊர் லேபர் வார்டு வாசலிலும், "நாலு அதட்டு போட்டாத்தான் சரிப்படுவா" என்பவர்கள் உண்டு.

இது அப்பட்டமான பொய்.

கானா, கினியா, மியான்மர், நைஜீரியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் முன்னெடுத்த ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வெளியானது. 2,016 பெண்களின் பிரசவத்தை உடனிருந்து கவனித்தார்கள். 10 பேரில் 4 பேருக்கு மேல் அடிக்கோ வசவுக்கோ இழிவுக்கோ ஆளாகியிருந்தார்கள். பிள்ளை பிறக்க 30 நிமிடம் இருக்கும்போது உச்சத்துக்குப் போன அடியும் வசவும், பிறந்து 15 நிமிடம் ஆகும்வரை ஓயவில்லை. பிள்ளைதான் வெளியே வந்துவிட்டதே, பிறகு யாரைக் காப்பாற்ற? அதிகம் பட்டவர்கள் வயதில் சிறியவர்கள், படிப்பில்லாதவர்கள். உயிர்காப்பதற்கான அடி என்றால் ஆபத்தைப் பார்த்தல்லவா விழ வேண்டும்? இது ஆளைப் பார்த்து விழுகிறது.

வேலைப்பளுவைக் காரணம் சொல்கிறார்கள். அது உண்மை. ஒரே நர்ஸ் பல பெண்களைக் கவனிக்கிறார், தூக்கமில்லை, மேலிடத்தில் அவரும் ஏச்சு வாங்குகிறார். அதற்காக அரசிடம் ஆள் கேட்போம், அவரோடு சேர்ந்தே கேட்போம். ஆனால் அந்த ஆத்திரத்தைக் கொட்டும் இடம் வலியில் துடிப்பவளின் உடம்பல்ல.

அடி பிரசவத்துக்கும் உதவாது. பயந்தால் அட்ரினலின் சுரக்கும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடாசினின் வேலைக்கு அது இடைஞ்சல். மாறாக, கூடவே ஒருவர் இருந்து தைரியம் சொன்னால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலிநேரமும் சுருங்குகிறது. 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு சொன்ன முடிவு இது. விரும்பும் துணையை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது.

ஆகவே, அடிப்பவரைக் கண்டிப்பானவர், கைராசிக்காரர் என்று புகழ்வதை நிறுத்துவோம். தொடுமுன் சொல்வதும், வெட்டுமுன் சம்மதம் கேட்பதும் சலுகையல்ல, மருத்துவத்தின் பாலபாடம். அடி வாங்கியவள் புகார் சொன்னால், "பிள்ளை நல்லபடியா பொறந்துச்சே" என்று வாயை அடைக்காதீர்கள். அந்தப் பிள்ளை பிறந்தது அவள் பட்ட பாட்டால். வாங்கிய அடியால் அல்ல.