ரத்தம் என்று சொல்கிறவர்களுக்கு

வங்கியில் கேஷ் கவுன்ட்டர் எனக்கு. மதுக்கடை வசூல் வருகிற நாளில், வேர்வை ஊறிக் கசங்கிய நோட்டுகளை நீவி நீவி எண்ண வேண்டும். அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார்: “எத்தனை சலுகை குடுத்தாலும் இந்த ஜனங்க திருந்தமாட்டாங்க சார். ரத்தத்துலயே ஊறிப்போச்சு.” எந்த ஜனங்களைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் யாரென்று அவருக்கும் தெரியும்.

குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அப்பாவை நாலுபேர் தூக்கிவந்து வாசலில் போட்டுவிட்டுப் போன ராத்திரிகள் எனக்கும் உண்டு. ஆனால் இந்த ‘ரத்தம்’ என்கிற பேச்சை விட்டுவிட முடியாது.

மூளையில் டோபமைன் என்றொரு ரசாயனம். சோறு, சிநேகம், காதல் எதில் பலன் கிடைத்தாலும் ‘இதை மறக்காதே, மறுபடியும் தேடு’ என்று மூளைக்குப் பாடம் சொல்வது அது. கொக்கெய்னும் சாராயமும் அந்த வழியில் குறுக்கே புகுந்து பிடித்துக்கொள்கின்றன. டோபமைன் போய் ஒட்டுகிற ஏற்பிகளில் டி2 என்று ஒரு வகை. கொக்கெய்னுக்கு அடிமையானவர்களின் மூளையில் இவை குறைந்திருப்பதை அமெரிக்காவில் நோரா வோல்கோவின் குழு 1990களில் ஸ்கேன் எடுத்துக் காட்டியது. சரி, இந்த வித்தியாசம் பிறவியிலேயே வருவதா? வாழ்கிற வாழ்க்கையும் இதை மாற்றுமா?

2002இல் அங்கே வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 20 குரங்குகள். தனித்தனியாக அடைத்திருந்தபோது, பின்னால் மேலே போனவற்றுக்கும் கீழே போனவற்றுக்கும் டி2 அளவில் வித்தியாசமில்லை. பிறகு கூட்டமாகச் சேர்த்து அடைத்தார்கள். மேல், கீழ் என்று படி உண்டானது. மூன்று மாதத்தில் மேலே ஏறியவற்றுக்கு டி2 கூடியது. கீழே தள்ளப்பட்டவற்றுக்குக் கூடவில்லை. நெம்புகோலை அழுத்தினால் கொக்கெய்ன் என்று வைத்துப் பார்த்தபோது, கீழே கிடந்தவைதான் அதிகம் அழுத்தின.

குரங்கை நமக்கு உவமை சொல்லவில்லை. அதை அப்படியே மனுசருக்குப் பொருத்தவும் முடியாது. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ‘நாங்கல்லாம் அளவோட நிறுத்திக்குவோம்’ என்கிறானே மேலே இருப்பவன், அது குலத்தின் குணமா, உட்கார்ந்திருக்கும் இடம் தந்த கவசமா?

இத்தனை ஆராய்ச்சி நடக்கும் அமெரிக்காவில் சட்டம் என்ன செய்தது? 1986இல், 5 கிராம் கிராக் கொக்கெய்னுக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை என்றது. தூள் கொக்கெய்ன் என்றால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். மூளைக்குள் போனால் இரண்டும் ஒரே சரக்கு. ஆனால் கிராக் வழக்கில் கூட்டாட்சிச் சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். 2010இல்தான் 100க்கு 1 என்பதை 18க்கு 1 ஆக்கினார்கள். அப்பவும் சமமாக்க மனசு வரலை.

ஆகவே தோழர்களே, ‘அடிமைத்தனம் மூளை நோய்’ என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது என்று அதோடு நின்றுவிடக்கூடாது. நோயென்றால் வைத்தியம் நம் உரிமை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குடிமீட்புச் சிகிச்சை கேட்போம். மாத்திரை கொடுத்துத் தேற்றிய ஆளைத் திரும்ப அதே கீழ்ப்படியில் கொண்டுபோய் உட்காரவைத்தால், அது பாதி வைத்தியம். படியை உடைப்பதும் சிகிச்சைதான்.

நாளைக்கும் வசூல் மூட்டை வரும். பக்கத்து இருக்கைக்காரர் மறுபடியும் ரத்தம் என்று ஆரம்பித்தால், நோட்டை எண்ணிக்கொண்டே அந்தக் கூண்டின் கதையைச் சொல்வேன். அவர் கேட்டுத்தான் ஆகவேண்டும்.