விளக்கு அணைந்தால் மின்சாரமும் அணைந்ததா?



வரவேற்பறையில் நான்கு விளக்குகள். நான்குக்கும் ஒரே சுவிட்சு. நம் நாட்டு வீடுகளில் இது இன்று வழக்கமாகிவிட்டது. தீபாவளிக்கு முன்னர் வீட்டுக்குப் புதுப்பொலிவு தர விரும்பும் பெற்றோர் சிலர், ஏதேனும் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு இவ்வேலையைத் தாமே செய்ய முற்படுகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மின்சுற்றுதானே என்னும் துணிவு அவர்களுக்கு. அத்துணிவில் பாதி நியாயம் உண்டு; மறுபாதியில் உயிராபத்து உண்டு.

நியாயத்தை முதலில் காண்போம். படிநிலை இரண்டு மாணவர்கள் தொடர் மின்சுற்றையும் இணை மின்சுற்றையும் கற்கின்றனர். விளக்குகளைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் அவற்றுக்கிடையே பங்கிடப்படும், ஒளி மங்கும், ஒன்று பழுதானால் அனைத்தும் அணையும். இணையாக இணைத்தால் ஒவ்வொரு விளக்கும் 230 வோல்ட்டை முழுமையாகப் பெறும். ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும். ஆகவேதான் வீட்டு விளக்குகள் இணையாக இணைக்கப்படுகின்றன. பொதுவான சுவிட்சு மட்டும் அவற்றுக்கு முன்னால் தொடராக நிற்கிறது. நான்கு 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் சேர்ந்தாலும் மின்னோட்டம் அரை ஆம்பியரைக்கூட எட்டாது. எனவே பளுவைப் பற்றிய கவலையும் பெரிதன்று.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வகுப்பறையில் உலர் மின்கலன்களைக் கொண்டு சுற்றை அமைக்கும்போது, சுவிட்சை எந்தப் பக்கத்துக் கம்பியில் வைத்தாலும் விளைவு ஒன்றே. விளக்கு அணைகிறது, தொட்டாலும் தீங்கில்லை. வீட்டு மின்சாரம் அவ்வாறன்று. நியூட்ரல் கம்பி மின்வழங்கல் அமைப்பில் நிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. லைவ் கம்பியோ நிலத்தை ஒப்பிட 230 வோல்ட் அழுத்தத்தில் உள்ளது. சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் பொருத்திவிட்டால், நான்கு விளக்குகளும் ஒழுங்காக எரியும்; ஒழுங்காக அணையும். ஆனால், அணைந்த பின்னும் நான்கு விளக்குத் தாங்கிகளிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனை அறியாமல் விளக்கை மாற்றக் கைவைப்பவரின் உடலும் அவர் நிற்கும் தரையும் சுற்றை முழுமையாக்கிவிடும்.

காணொளிகள் இக்குழப்பத்தை மேலும் வளர்க்கின்றன. நம் நாட்டு வீட்டு வயரிங்கில் நெடுங்காலமாகக் கறுப்புக் கம்பி நியூட்ரலைக் குறித்து வந்துள்ளது. அமெரிக்கக் காணொளியிலோ கறுப்பே லைவ். அதைப் பார்த்து இங்கே இணைப்பவர், சுவிட்சைத் தவறான கம்பியில் பொருத்திவிடக்கூடும்.

ஆதலால், இப்பாடத்தைப் போதிக்கும் ஆசிரியர்கள் ஐந்து நிமிடங்களைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. வீட்டுச் சுவிட்சு எந்தக் கம்பியில் இருக்க வேண்டும், ஏன் என்று மாணவர்களைக் கேளுங்கள். விளக்கு அணைந்திருப்பது வேறு, மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பது வேறு என்பதை அவர்கள் உணர்ந்தால் அதுவே அப்பாடத்தின் பெரும்பயன். தேர்வில் கிடைக்கும் இரண்டு புள்ளிகளைவிட அது மேலானது.

பெற்றோர்களே, 1990ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளும் வயரிங் வேலையைத் தகுதி பெற்றவரிடமே ஒப்படைக்கின்றன. அவர் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சுவிட்சு லைவ் கம்பியில் உள்ளதா? உலோக விளக்குகளுக்கு எர்த் கம்பி தரப்பட்டுள்ளதா? கம்பி இணைப்புகள் வெறும் டேப்பால் சுற்றப்படாமல் உரிய பெட்டிக்குள் உள்ளனவா? விளக்கு ஒன்றை மாற்றுவதாயினும், மெயின் பெட்டியில் அதற்குரிய மின்னோட்டத்தைத் துண்டித்துவிட்டே கைவையுங்கள்.

கேள்வி கேட்பது அவமதிப்பாகாது. வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு விளக்குவார். அவ்விளக்கத்தைக் கேட்க உங்கள் பிள்ளையையும் அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள்.