நெல் ஏறிய படகில் நாம்

சனி, ஞாயிறு விடுமுறைக்குப் பத்துப் பேராகக் கூடி ஆலப்புழைக்குச் செல்வது இப்போது பெருவழக்காகியிருக்கிறது. நல்ல வழக்கந்தான். ஆணி அறையாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றினால் பிணைத்துச் செய்த கெட்டுவள்ளம் முற்காலத்தில் நெல் மூட்டைகளைச் சுமந்தது. இன்று கூரை வேய்ந்து, கட்டில் இட்டு, நம்மைச் சுமக்கிறது. (மூட்டைகள் கூச்சல் போட்டதில்லை!)

மேல்தட்டில் நின்று பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். நாம் மிதக்கும் நீர் மேலே. கரைக்கு அப்பால் நெல்வயல் கீழே! குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குங் கீழேயுள்ள நிலத்திலிருந்து நீரை இறைத்துவிட்டுப் பயிர் செய்கிறார்கள். அப்பயிரை உப்பு நீரினின்று காக்கவே 1976-இல் தண்ணீர்முக்கம் தடுப்பணை அமைந்தது. அதன் மதகுகள் அடைபட்டிருக்கும் மாதங்களில் கடல் உள்ளே வந்து காயலைக் கழுவுவதில்லை. உப்புப் பட்டால் மடியக்கூடிய ஆகாயத்தாமரை செழித்துப் பரவுகிறது. நாம் எறியும் குப்பையும் அங்கேயே தங்குகிறது. இதற்காக உழவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

கரையிலுள்ள பெண்மணிகள் அந்நீரில்தான் பாத்திரம் துலக்குகிறார்கள். குடிநீருக்கோ, சுற்றிலும் தண்ணீர் இருந்தும், குடத்துடன் காத்திருக்கிறார்கள். ஆகையால், படகு பேசும்போது வாடகையை மட்டும் விசாரியாதீர்கள். கழிவுநீர்த் தொட்டி உண்டா, அதை எங்கே காலி செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். படகுக்காரர் மழுப்பினால் அடுத்த படகைப் பாருங்கள்.