செல்போன் வைத்தியம் யாருக்காக?

சர்க்கரை என்றால் பணக்காரர் வியாதி என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கும் மேல். ஆலையில் சைடு பார்ப்பவரும் வயலில் நாற்று நடுபவரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 7 பேர்தான். நீரிழிவில் சுமார் 11 பேர்.

இதற்கு இப்போது செல்போனில் வைத்தியம் வந்திருக்கிறது. மாத்திரை நேரத்தை 'ஆப்' நினைவூட்டுகிறது. சர்க்கரை அளவைக் குறித்து வைக்கிறது. நடந்த அடிகளை எண்ணுகிறது. நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. தென்னிந்தியத் தொழிற்கூடங்களில் வேலை செய்த, நீரிழிவு வரும் நிலையிலிருந்த 537 ஆண்களிடம் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் வெளிவந்தது. ஒரு பகுதியாருக்குச் செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் ஆலோசனை சொன்னதோடு சரி. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களில் 18 பேருக்கு. சாதாரணக் குறுஞ்செய்தி செய்த வேலை இது!

ஆனால் செய்தி வந்தால் மட்டும் போதுமா? "நேரத்துக்குச் சாப்பிடு" என்கிறது போன். எந்த நேரத்துக்கு? இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் அரை நைட், அதற்கடுத்த வாரம் முழு நைட். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால், சர்க்கரை திடீரென்று இறங்கி உடம்பு வேர்த்துக் கண் இருளும். ஓடுகிற மிஷின் முன்னால் அது எத்தனை ஆபத்து! சாப்பாட்டு இடைவேளையை நீட்டித் தரும் பட்டன் எந்தப் போனிலும் இல்லை.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாம். இந்த எண் ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று தன் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர். ரிங் பிரேம்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்து அறுந்த இழையை ஒட்டும் சகோதரியிடம் இன்னும் நடக்கச் சொல்பவர்கள், முதலில் அவர் உட்கார ஒரு ஸ்டூல் வாங்கிப் போடட்டும்.

விவசாயத் தொழிலாளியிடம் "அரிசியைக் குறை, காய்கறியையும் பருப்பையும் கூட்டு" என்கிறது. குறைக்கச் சொல்லும் அரிசி ரேஷனில் இலவசம். கூட்டச் சொல்வதற்கோ கூலி வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலியும் போச்சு. அதனால்தான், 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்ததை நாம் வரவேற்கிறோம். அதைச் சுமந்துவரும் பெண்களைத் தன்னார்வலர் என்று அழைப்பதை விட்டு, தொழிலாளி என்று ஒப்புக்கொண்டு சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம், விடக்கூடாத விஷயம்.

போனில் ஏறிய கணக்கு யார் கைக்குப் போகிறது? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அரசு ஊழியர் இன்ஷூரன்சில் 'கோ365' என்ற ஆப்பைப் புகுத்தப் பார்த்தார்கள். அடிகளை எண்ணிப் புள்ளி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மாதம் 25 டாலர் அதிகம் கட்ட வேண்டும். ஆசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள், கட்டாயம் வாபஸ் ஆயிற்று. அதோடும் அவர்கள் ஓயவில்லை. 2018 பிப்ரவரி 22-இல் வேலைநிறுத்தம் தொடங்கி, 55 மாவட்டங்களிலும் பள்ளிகளை மூடி, மார்ச்சில் 5 சத ஊதிய உயர்வையும் வாங்கினார்கள்.

இங்கே ஒரு கான்டிராக்ட் தொழிலாளிக்குச் சர்க்கரை என்று நிர்வாகத்துக்குத் தெரிந்தால், அடுத்த மாதம் அவரை வேலைக்குக் கூப்பிடாமல் விட எவ்வளவு நேரம் ஆகும்? தொழிலாளியின் ரத்தக் கணக்கு அவருக்கும் டாக்டருக்கும் மட்டுமே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பரிசோதனைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். மாதாமாதம் சந்தா பிடிக்கும் ஈ.எஸ்.ஐ., மாதாமாதம் மாத்திரையைத் தட்டாமல் தர வேண்டும். ஷிப்டு முடிந்து வருபவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.

எந்த நிர்வாகமாவது போனில் 'சம்மதம்' என்று அமுக்கச் சொன்னால், அமுக்குவதற்கு முன் அந்த வாசகத்தைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள், தோழர்களே. எழுத்தெழுத்தாகச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.