சிரிக்கச் சொல்லி, சிந்திக்க வைத்தவர்

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் கீரனூர் பக்கம் உள்ள ஊர் ஒடுகம்பட்டி. மழையை நம்பியே வெள்ளாமை நடக்கும் மேட்டுப்பூமி. 'குடும்பம்' அமைப்பின் கொழிஞ்சிப் பண்ணை இங்குதான் இருக்கிறது. தரிசாகக் கிடந்த இடத்தைப் பண்ணையாக்கி, உழவர்களைக் கூட்டி வைத்துப் பேசியவர் நம்மாழ்வார். 30.12.2013 அன்று அவர் மறைந்தார். பச்சைத் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியும் படங்களில் இருக்கின்றன. அவருடைய கேலிப் பேச்சு, கேட்டவர்களின் காதில்தான் இருக்கிறது.

காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா சொன்னதாக வழங்கும் ஒரு பேச்சை அவர் மேடைதோறும் எடுத்துவிடுவார். டிராக்டர் நன்றாகத்தான் உழும், ஆனால் சாணி போடாதே என்பதுதான் அது. கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்போடு வீடு திரும்பியவர், காலியாகக் கிடக்கும் மாட்டுக்கொட்டகையைப் பார்த்ததும் கணக்குப் போட ஆரம்பிப்பார். எரு இல்லை, அதனால் உரமூட்டை, உரமூட்டைக்குக் கடன். ஒரு மணி நேரச் சொற்பொழிவு செய்யாத வேலையை ஒரு வரிக் கேலி செய்துவிடும்.

'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு' என்பது ஊரறிந்த பழமொழி. அதையும் அவர் விடமாட்டார். அடித்தாள் மண்ணுக்கு எரு, வைக்கோல் மாட்டுக்குத் தீனி, கதிர் வீட்டுக்குச் சோறு. குட்டை ரக நெல் வந்த பிறகு நடுவில் இருந்த மாட்டின் பங்கு சுருங்கிப்போனதை இந்த ஒரு வரியை வைத்தே விளக்கிவிடுவார். பாட்டன் சொன்னதைப் பேரனுக்கு நினைவூட்டுவதால், யாருக்கும் பாடம் கேட்பது போலவே இருக்காது.

இவ்வளவுக்கும் அவர் வேளாண்மைப் பட்டதாரி. தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர். 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரி உழவரால் வாங்க முடியாத இடுபொருள்களை வைத்து ஆய்வு நடத்திப் பயனில்லை என்று 1969-ல் அந்த அரசு வேலையை விட்டார். அன்றைக்கு அது சாதாரண முடிவு அல்ல. அதனால்தான் அவருடைய கேலி உழவரைக் குத்தாது. உழவருக்குப் புத்தி சொல்ல வந்தவர்களைத்தான் குத்தும். கடைசிக் காலத்தில் காவிரிப் படுகையில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போனபோதும் அதே பேச்சுதான். பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் பிரிந்தது. கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கிய வானகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பண்ணைக்கு வைத்த பெயரிலும் ஒரு குறும்பு உண்டு என்றே தோன்றுகிறது. கொழிஞ்சி, தரிசில் தானாக முளைக்கும் செடி. ஆடு, மாடு அதிகம் வாய் வைக்காது. அதனாலேயே பலர் அதை மதிப்பதில்லை. ஆனால் காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதில் கெட்டிக்காரச் செடி. விதைத்தோல் கடினமானது என்பதால், மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதைக்கலாம். பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். மாடு இருந்தால் மாட்டைக் கட்டி உழலாம். இல்லாதவர்கள் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். சாணிக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.