பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கி: சுடாவிட்டாலும் சிறையா?

“இதை நான் சுட்டதே இல்ல சார். தாத்தா காலத்துல இருந்து பரண்லயே கிடக்குது.” வீட்டில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி சிக்கினால், இப்படிச் சொல்லித் தப்பிக்க முடியுமா? முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், சுட்டீர்களா என்று கேட்பதற்கு முன்பே, ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்கிறது.

வைத்திருந்தாலே குற்றமா?

ஆமாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். 2019-ல் சட்டத்தைத் திருத்தும் வரை இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. தக்க காரணத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் நீதிபதியால் குறைந்தபட்ச தண்டனைக்குக் கீழே போக முடியும். கைதானால் ஸ்டேஷன் ஜாமீனும் கிடையாது.

ஏகே-47 மாதிரியான தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் 7 முதல் 14 ஆண்டு. சட்டவிரோதமாகத் தயாரித்தாலோ விற்றாலோ 7 ஆண்டு தொடங்கி ஆயுள் வரை. நடிகர் சஞ்சய் தத் நினைவிருக்கிறதா? அவர் யாரையும் சுடவில்லை. ஆயுதம் வைத்திருந்ததற்காகத்தான் 2013-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறை விதித்தது.

லைசென்ஸ் இருந்தால் கவலை இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். கல்யாணம், திருவிழா என்று வானத்தைப் பார்த்துச் சுட்டு, மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்ததே?

அந்த லைசென்ஸ் தாத்தாவுக்குத்தான், உங்களுக்கு இல்லை. அவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் இதற்கு இடம் தருகின்றன.

துருப்பிடித்துப் போச்சே, அதுவுமா?

ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை முடிவு செய்வது நீங்கள் இல்லை, நிபுணர்.

லைசென்ஸே இல்லாத துப்பாக்கி என்றால்?

சிக்கல் இங்கேதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களின் மலையோரக் கிராமங்களில், காட்டுப்பன்றியை விரட்டவும் வேட்டைக்கும் என்று தலைமுறையாக வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. ‘தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் மூலமாகச் சிலர் ஒப்படைக்கிறார்கள். சிலர் ராத்திரியோடு ராத்திரியாகப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஏன்? நேரில் போனால் நம்மையே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

அந்தப் பயத்தை வெறும் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. கெடு முடிந்த மறுநாள் அதே ஆள் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. ஆயுதம் கடத்துகிறவனையும், கொல்லைக்குக் காவல் இருக்கும் விவசாயியையும் போலீஸ் ஒரே கண்ணோடு பார்க்கக் கூடாது.

தண்டனையைக் கூட்டியது சரிதான். ஆனால் கெடு வைத்து அறிவித்தால் மட்டும் போதாது. வருஷம் முழுக்க, எந்தக் காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வ உறுதியோடு ஒப்படைக்க அரசு வழி செய்ய வேண்டும். தண்டனைக்குப் பயந்து பதுக்குவதைவிட, நம்பி ஒப்படைக்க ஒரு வழி இருந்தால்தான் பரண்கள் காலியாகும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று கிடக்கிறதா? அதைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள், அவர் மூலமாகவே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். போலீஸ் தேடி வருவதற்கு முன்னால் நீங்கள் போவதுதான் நல்லது.